தம்பி கேட்ட பேன்

ஏழு வருடமாக அக்காளின் படகுத்துறையை மிதிக்காத ஹால்வார், நடுக்கோடைத் தீநாள் அன்று காலை ஆற்றுச் சேறு ஒட்டிய ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றான். சுகமா என்று ஒரு வார்த்தை இல்லை. வாயைத் திறந்ததும் கேட்டது இதுதான்.

“அக்கா, ஒரு பேன் இருந்தா குடேன்.”

தோரா அப்போது வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கையில் காப்பிக் குடுவை, வாயில் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்து மடித்த வாஃபிள். வாயிலிருந்ததை விழுங்குவதற்குள் சிரிப்பு வந்துவிட்டதால் பாதி வாஃபிள் பலகையில் விழுந்தது. ஒரு கடற்காக்கை அதற்காகவே காத்திருந்ததுபோல் வந்து கொத்திக்கொண்டு போனது.

“என்ன கேட்ட?”

“கடல்பேன். ஒண்ணே ஒண்ணு போதும். வால் உள்ளதா இருந்தா ரொம்ப நல்லது.”

“யாருக்குடா காது குத்துற?”

“சத்தியமாக்கா. என் மீன்ல ஒண்ணுகூட இல்ல.”

கேட்டவன் யார் என்று தெரிந்தால்தான் இந்தக் கூத்து விளங்கும். ஸ்வார்ட்டா ஆற்றுச் சங்கத்துக்குத் தலைவன் அவன். மீன் பண்ணைகளை எதிர்த்து மேடை கிடைத்த இடத்திலெல்லாம் பேசியவன். மேடை கிடைக்காதபோது பெட்ரோல் பங்கில் வரிசையில் நின்றபடியே பேசியவன். கடல்பேன் என்ற சொல்லை அவன் சொல்லும்போது எதிரில் நிற்பவர் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், அத்தனை வேகம். அந்த மனிதன் பேன் கேட்டு வந்திருக்கிறான். அதுவும் பண்ணையில் பேன் பார்த்துச் சம்பளம் வாங்குகிற அக்காளிடம்.

தோராவின் வேலையைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. தலையில் பேன் பார்ப்பதுபோலத்தான், தலைக்குப் பதிலாக சால்மன் மீன். மலைகளுக்கு நடுவே கை நீட்டிக் கிடக்கிற கடலில், வட்ட வட்டமாக வலைக்கூண்டுகள் மிதக்கின்றன. ஒவ்வொரு கூண்டிலும் ஒரு ஊர் ஜனத்தொகைக்கு மேல் மீன். வாரா வாரம் சிலதை அள்ளி, மயக்க மருந்து கலந்த தொட்டியில் போட்டு, செதில் செதிலாகப் பார்ப்பாள். மாதுளை முத்து அளவில் பழுப்பாக ஒன்று ஒட்டியிருந்தால் அதுதான் பேன். பின்னால் வால்போல் இரண்டு நூல் தொங்கினால் அது முட்டைக்காரி. ஊரில் அவளுக்குப் பேன்காரி என்றே பெயர். நேரே கூப்பிட்டாலும் அவள் கோபப்பட மாட்டாள். மீனை நல்லபடியாகத் திருப்பித் தண்ணீரில் விட்டுவிட்டு, “சொல்லு” என்பாள். ஒன்றே ஒன்றைத்தான் அவளிடம் கேட்கக்கூடாது. அடுத்த வாரம் பேன் எப்படி இருக்கும் என்று முதலாளியே கேட்டாலும், “இந்த வாரம் வேணா சொல்றேன். அடுத்த வாரத்தைக் கடல்கிட்ட கேளுங்க” என்று சொல்லிவிடுவாள். முப்பது வருட வேலையில் ஒருவருக்கும் அவள் வாக்குக் கொடுத்ததில்லை.

இத்தனைக்கும் அவர்கள் ஊர் ஓஸ்விக்கில் பேன் ஒரு காலத்தில் பெருமைக்குரிய பொருள். ஆற்றுத் தண்ணீர் பட்டால் கடல்பேன் தாங்காது; வால் முதலில் அறுந்துபோகும், சில நாளில் பேனே உதிர்ந்துவிடும். ஆகவே ஆற்றில் பிடித்த மீனின் மேல் பேன் இருந்தால் அது இன்றைக்குக் கடலிலிருந்து ஏறி வந்த புது மீன். பேன் இல்லையென்றால் ஏதோ ஒரு மடுவில் நாள்கணக்காகப் படுத்துக் கிடந்த சோம்பேறி. பேனோடு வருடத்தின் முதல் சால்மனைப் பிடிப்பவர் எவரோ, அவர்தான் தீநாள் மாலையில் கடற்கரையில் அடுக்கிய விறகுக்குத் தீ வைக்க வேண்டும். மேயரானாலும் சரி, பாதிரியாரானாலும் சரி, பேன் மீன் இல்லாமல் தீக்குச்சியைத் தொட முடியாது.

தோரா பதினேழு வயதில் அந்தத் தீயை வைத்தவள். ஹால்வார் வைத்ததே இல்லை. ஒரு வருடம் அவன் மீனில் பேன் இல்லை. இன்னொரு வருடம் பேனோடு வந்த மீன் கரைக்கு ஒரு முழம் இருக்கும்போது தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போயிற்று. இப்போது அவனுக்குத் தலை வழுக்கை, பேரப்பிள்ளைகள் இரண்டு. ஆசை மட்டும் அப்படியே இருந்தது.

பிறகு அந்தக் கெட்ட வருடம் வந்தது. கூண்டுகளில் பேன் கட்டுக்கடங்காமல் பெருகியது. மருந்து போட்டால் சாகவில்லை, மருந்துக்குப் பழகிவிட்டது. வளர்ந்த மீனுக்கு நாலு பேன் ஒரு பொருட்டில்லை. ஆற்றிலிருந்து மே மாதத்தில் முதன்முதலாகக் கடலுக்கு இறங்குகிற விரல் நீளக் குஞ்சுக்கு அது சாவு. கூண்டிலிருந்து மிதந்து வந்த பேன்குஞ்சுகள் ஆற்றுவாயில் அவற்றைப் பிடித்துக்கொண்டன. போன குஞ்சுகள் திரும்பி வரவில்லை. மீன் பிடிக்கத் தடை போட்டு ஆற்றை மூடினார்கள். ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஹால்வார் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “எங்கக்கா வளக்குற பேன்தான் நம்ம ஆத்தைத் தின்னுச்சு.”

கை தட்டினார்கள். தோரா மூன்றாவது வரிசையில் காகிதக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். அவன் சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் எழுந்து நாலு கேள்வி கேட்டிருப்பாள். பாதி உண்மையாக இருந்ததுதான் அவளை எழவிடவில்லை. வீட்டுக்கு வந்து அழுதாள். அவள் கணவன் ஆர்ன்ஃபின் ஃபெரியில் இன்ஜின் பார்க்கிறவன். யார் பக்கமும் சேராதவன். ஒரு தட்டு வாஃபிள் சுட்டு அவள் முன்னால் வைத்துவிட்டு ஃபெரிக்குப் போய்விட்டான்.

அதன்பின் அக்காளும் தம்பியும் கூட்டுறவுக் கடையில் பால் அலமாரி முன்னால் சந்தித்தால் பாலைப் பார்த்துக்கொள்வார்கள். அவன் கத்திக்கொண்டே இருந்தான். அவள் பேன் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெந்நீர்க் குளியல், நன்னீர்க் குளியல், பேன் தின்னும் சிறு மீன்கள் என்று பண்ணையும் ஒவ்வொன்றாகச் செய்தது. ஆற்றுவாய்க்குப் பக்கத்திலிருந்த கூண்டு காலியாயிற்று. அதற்கு யார் காரணம் என்று இரண்டு கட்சியும் இன்றும் அடித்துக்கொள்கிறது. எனக்கென்னவோ கத்தினவனும் காரணம், பார்த்தவளும் காரணம் என்றுதான் படுகிறது. போன இலையுதிர்காலத்தில் ஆற்றில் நீச்சல் கண்ணாடி போட்டு மிதந்து மீன் எண்ணினவர்கள் கரையேறும்போதே சிரித்துக்கொண்டு ஏறினார்கள். இந்த வருடம் ஆறு திறக்கும், ஆளுக்கு ஒரு மீன் என்று உத்தரவு வந்தது. திறக்கும் நாள் தீநாளேதான்.

அன்று காலை ஊரே ஆற்றங்கரையில் நின்றது. ஹால்வாருக்குத்தான் மீன் விழுந்தது. வெள்ளி மின்னுகிற கொழுத்த மீன். பாறைக்குப் பின்னால் தனியாக நின்றதால் ஒருவரும் பார்க்கவில்லை. அதைப் புல்லில் போட்டு, சுற்றிச் சுற்றி ஆடி, பிறகு புரட்டிப் பார்த்தான். இந்தப் பக்கம் இல்லை. அந்தப் பக்கமும் இல்லை. வால் துடுப்புக்கடியில், வயிற்றில், செவுளோரத்தில் எங்குமே இல்லை. ஈரச் சாக்கில் சுற்றிப் படகுக் கொட்டகையில் ஒளித்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறான்.

“சாயங்காலம் தீ வெக்கிறதுக்கு முன்னால குன்வோர் பூதக்கண்ணாடி வெச்சு மீனப் பாத்துச் சொல்லுவா. ஒண்ணு ஒட்டிட்டாப் போதும். யாருக்குத் தெரியப்போவுது?”

“ஆத்துச் சங்கத் தலைவர் பண்ணைப் பேன ஒட்டிக்கிட்டு வந்து நிப்பாரு. நல்லாருக்குடா உன் நியாயம்.”

“நீ பதினேழு வயசுலயே வெச்சுட்ட. உனக்கென்ன, பேசுவ.”

அதைச் சொல்லும்போது அவன் குரல் சின்னப் பையன் குரலாகிவிட்டது. தோராவுக்கு மனம் இளகிப்போனது. இப்போது போடா என்று அனுப்பினால் இன்னொரு ஏழு வருடம் ஆகும். அவன் வந்து நின்றதே அவளுக்குப் பெரிய விஷயம். அது பேனுக்காக என்றாலும் சரிதான்.

“படகுல ஏறு,” என்றாள்.

“நீ போய் எடுத்துட்டு வாயேன்.”

“பேன் வேணும்னா வந்து தேடு. இல்லேன்னா நடையக் கட்டு.”

கூண்டுப் பக்கமே கால் வைப்பதில்லை என்று சபதம் செய்தவன் ஏறினான். வழி முழுக்க முதுகைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். மிதவையில் இறங்கும் முன் தோரா கிருமிநாசினித் தொட்டியைக் காட்டினாள்.

“காலை முக்கு.”

“எனக்கென்ன சீக்கா?”

“ஆத்துக்காரங்க கால்ல என்ன இருக்கோ, யாரு கண்டா? என் மீனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க சங்கத்து மேல கேஸ் போடுவேன்.”

அவன் முணுமுணுத்துக்கொண்டே முக்கினான். லைஃப் ஜாக்கெட்டை வேண்டுமென்றே அவனுக்குச் சின்னதாக எடுத்துக் கொடுத்தாள், தொப்பை பிதுங்கியது. அதைப் பார்த்து அவள் சிரிக்க, அவன் திரும்பிக்கொண்டான். அவன் தோளும் குலுங்கியதை அவள் கவனித்தாள்.

அன்று வாரக் கணக்குப் பார்க்கிற நாளும்கூட. முதல் கூண்டில் வலையை அள்ளினார்கள். மயங்கிய மீனை ஈரக் கையுறையோடு தூக்கி அவன் முன் நீட்டினாள். “பாரு. தலைக்குப் பின்னால பாரு. துடுப்புக்குக் கீழ பாரு.”

பார்த்தான். இல்லை. அடுத்தது இல்லை. அதற்கடுத்ததும் இல்லை.

“இதுல?”

“இல்ல.”

“இதுல?”

“அட இதுலயும் இல்லக்கா!”

இரண்டாவது கூண்டுக்குப் போனார்கள். வலைக்குள் தொங்கவிட்ட பிளாஸ்டிக் பாசிக் கயிறுகளுக்கிடையே பச்சையும் செம்மையுமாகத் தடித்த உதடுள்ள மீன் ஒன்று எட்டிப் பார்த்தது. பேன் தின்னும் கூட்டத்தில் அதுதான் பெரியது.

“இவரு மேயர்,” என்றாள் தோரா. “பகல் பூரா தின்பாரு. ராத்திரி அந்தக் கயித்துக்குள்ள படுத்துத் தூங்குவாரு. கயிறு இல்லேன்னா தூக்கமும் வராது, வேலையும் செய்ய மாட்டாரு.”

“உன் மேயர் எனக்கு ஒண்ணுகூட மிச்சம் வெக்கலியா?”

“அவருகிட்டயே கேளு.”

“ஏய் குண்டா! ஒண்ணு வெச்சாத்தான் என்ன?” என்று ஹால்வார் தண்ணீரைப் பார்த்துக் கத்தினான். மேயர் கயிற்றுக்குள் போய்விட்டார்.

மூன்றாவது கூண்டுக்கு வந்தபோது அவனே வலையைப் பிடுங்கிக்கொண்டான். சட்டைக் கை முழுக்க நனைந்திருந்தது. ஒவ்வொரு மீனையும் கிட்டத்தட்ட மூக்கில் இடித்துப் பார்த்தான். இல்லை, இல்லை, இல்லை. கடைசியில் சுத்தமான சால்மன் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து கத்தினான்: “என்ன பண்ணையா நடத்துறீங்க! ஒரு பேனுக்கு வழியில்ல!”

தோரா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் கொட்டியது. அவன் முதலில் முறைத்தான். பிறகு தான் என்ன சொன்னோம் என்பது அவன் காதிலேயே விழுந்தது. முகம் மாறியது. கையிலிருந்த மீனை மெதுவாகத் தண்ணீரில் விட்டான். அது வாலை அசைத்து உள்ளே போகிறவரை குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான்.

“வசந்தத்துலயும் இப்பிடித்தான் இருந்துச்சா?”

“கிட்டத்தட்ட.”

“குஞ்சுங்க எறங்குனப்ப?”

“அந்த மாசம் நான் வீட்டுல ஒழுங்கா சாப்பிட்டேனான்னு ஆர்ன்ஃபினக் கேளு.”

அவன் நனைந்த சட்டைக் கையைப் பிழிந்துகொண்டான். ஏழு வருடமாக அவள் எதிர்பார்த்தது இதைத்தான். பாராட்ட வேண்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டாம். ஒரு தடவை வந்து கண்ணால் பார்த்தால் போதும் என்றிருந்தாள். பார்த்துவிட்டான். அவளுக்கு அந்த மிதவைப் பலகை முழுக்கக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

நாலாவது கூண்டில், வலையில் வந்த கடைசி மீனின் முதுகில், அது இருந்தது. பழுப்பாக, தட்டையாக, பின்னால் இரண்டு நூலோடு.

“அக்கா!” என்று அவன் போட்ட சத்தத்தில் தண்ணீரில் உட்கார்ந்திருந்த பறவைகள் எழும்பின. “வால் இருக்கு! வாலோட இருக்கு!”

தோரா அதை மெதுவாகப் பிரித்தெடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அது காலை அசைத்தது. இந்தப் பேன் மாலையில் அவன் மீன் மேல் உட்கார்ந்தால், குன்வோர் கண்ணாடிக்கு அடியில் ஊர் முழுக்கப் பார்க்கும். பண்ணைப் பேன் மறுபடி ஆற்று மீன் மேல் ஏறியதாகத்தான் அதற்கு அர்த்தம். தெரிந்தது இரண்டே பேருக்கு என்றாலும். கொடுக்க மனமில்லை. கொடுக்காமல் அவனைத் திருப்பி அனுப்பவும் மனமில்லை.

“எடுத்துக்கோ,” என்றாள். “கேட்டல்ல.”

“இந்த நூலு ரெண்டுலயும் முட்டையா?”

“நூத்துக்கணக்குல.”

“இது பொரிஞ்சா எல்லாம் ஆத்துவாய்க்கா வரும்?”

“காத்து அடிச்சா வரும்.”

அவன் கையை முகத்தருகே கொண்டுபோனான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு இடது கட்டைவிரல் நகத்தில் அதை வைத்து, வலது கட்டைவிரல் நகத்தால் ஒரே அழுத்து. டக் என்று சத்தம் கேட்டது.

இரண்டு பேரும் அவன் நகத்தைப் பார்த்தார்கள்.

“ஐயையோ,” என்றான் ஹால்வார். “கை தானாப் போயிருச்சுக்கா.”

தானாகப் போனதா, தெரிந்தே போனதா என்று தோரா இன்றுவரை கேட்கவில்லை. அப்போது கேட்கிற நிலையிலும் இல்லை. அக்காளும் தம்பியும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்ததில் மிதவையே ஆடியது. வேறு பேன் தேடினார்கள். கிடைக்கவில்லை.

மாலையில் கடற்கரையில் விறகு ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தது. வெயில் இன்னும் மலைமேல் இருந்தது. புளித்த பாலேட்டில் காய்ச்சிய கஞ்சி ஒரு மேசையில், ஸ்ட்ராபெரி ஒரு மேசையில். ஊரில் தபால்காரியாக இருந்து ஓய்வு பெற்ற குன்வோர் நாற்காலி போட்டு, கழுத்தில் பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். பேன் பார்த்துச் சொல்லும் அதிகாரம் அவளுடையது. பகல் முழுக்க ஆற்றில் நின்ற மற்றவர்களுக்கு ஒரு மீனும் கிடைக்கவில்லை. ஒருவனுக்கு மாட்டி, கூழாங்கல்லில் உரசித் தப்பிவிட்டது. அவன் அதைப் பற்றியே எல்லாரிடமும் பேசிக்கொண்டிருந்தான்.

ஹால்வார் சாக்கை அவிழ்த்து மீனைப் பலகையில் வைத்தான். ஊர் ஆரவாரித்தது. குன்வோர் கண்ணாடியோடு குனிந்தாள். புரட்டினாள். மறுபடி புரட்டினாள்.

“பேன் எங்கப்பா?”

“நசுக்கிட்டேன்.”

“மீன் மேலயேவா?”

அவன் தலையைச் சொறிந்தான். பொய் சொல்லியிருக்கலாம்; ஒரு வார்த்தைதான். தோரா கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள்.

“இந்த மீன்ல இல்லவே இல்ல,” என்றான் சத்தமாக. “அக்காகிட்டக் கடன் கேக்கப் போனேன். நாலு கூண்டு தேடுனோம். கிடைச்சது ஒண்ணே ஒண்ணு. அதையும் நசுக்கிட்டேன். எல்லாரும் கேட்டுக்குங்க: நாலு கூண்டுலயும் அள்ளிப் பாத்ததுல ஒரே ஒரு பேன். நானே பாத்தேன், என் ரெண்டு கண்ணால.”

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி, கரை முழுக்கப் பரவியது. திரும்பித் திரும்பித் தோராவைப் பார்த்தார்கள். மண்டபத்தில் கை தட்டினவர்களும் அதில் இருந்தார்கள். அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது.

குன்வோர் மட்டும் சிரிக்கவில்லை. “பேன் இல்லாத மீனுக்குத் தீ இல்ல. ஆறு மூடியிருந்த ஏழு வருஷமும் லைட்டர்ல கொளுத்துனது போதும். ஆறு திறந்த நாள்ல அது நடக்காது. இன்னும் தூண்டில் போடாதது யாரு?”

ஹால்வார் அக்காள் பக்கம் திரும்பினான். “உன் மீன்பிடிச் சீட்டு எங்க?”

சீட்டு அவள் சட்டைப்பையில்தான் இருந்தது. விற்க ஆரம்பித்த அன்றே வாங்கிவிட்டாள். ஆற்றங்கரைக்குப் போகத்தான் தைரியம் வரவில்லை. பேன்காரி தூண்டிலோடு வந்து நின்றால் என்ன சொல்வார்களோ என்ற பயம்.

“நான் எதுக்குடா?”

“கடல்தண்ணி ஏறுது பாரு. மீன் ஏறுற நேரம். கெளம்பு!” அவன் தன் தூண்டில் கழியை அவள் கையில் திணித்தான். கைவலையைத் தான் எடுத்துக்கொண்டான். அவர்கள் முன்னால் போக, ஊர் பின்னால் ஓடியது. கஞ்சித் தட்டோடு ஓடினவர்களும் உண்டு. குன்வோர் நாற்காலியோடு வந்தாள்.

பாலத்துக்குக் கீழே, கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறி வருகிற மடு. தோரா முழங்கால் ஆழத்தில் இறங்கினாள். முதல் வீச்சு பிசகிப் பாலத்துத் தூணில் பட்டது. “மேயருக்கு வீசுறியா?” என்று கேட்டான் ஹால்வார். இரண்டாவது வீச்சு நன்றாக விழுந்தது. ஒன்றும் இல்லை. அடுத்ததிலும் இல்லை. அப்புறம், கழியின் நுனி ஒரு தரம் தலையாட்டி, அப்படியே வளைந்தது.

“இழுக்காதே! விடு, விடு, விடு!”

“எனக்குத் தெரியும், வாய மூடு!”

மீன் மேலே எம்பியது. நீல முதுகு, வெள்ளை வயிறு, முழுசாக வெயிலில் தெரிந்தது. கரையில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வேறு வேறு யோசனை சொன்னார்கள். நரம்பு சீறிக்கொண்டு ஓடியது. கால் வழுக்கி இடுப்பு வரை நனைந்தாள். மீன் கடலை நோக்கி ஓடப் பார்த்தது. கூழாங்கல்லில் தடுக்கிக்கொண்டே கூட ஓடினாள். ஹால்வார் நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி வழியை மறித்துக்கொண்டு நின்றான். மீன் களைத்துச் சாய்ந்த நொடியில் வலையை அடியில் கொடுத்துத் தூக்கினான்.

புல்லில் போட்டார்கள். குன்வோர் மண்டியிட்டாள். பூதக்கண்ணாடி வால் பக்கம் போய் நின்றது.

“ரெண்டு,” என்றாள். அப்புறம் அவள் குரலே உடைந்துவிட்டது. “வாலோட! ரெண்டும் வாலோட!”

“பேன்!” என்று யாரோ கத்தினார்கள். “பேன்! பேன்!” என்று கரை முழுக்கக் கத்தியது. தொப்பிகள் பறந்தன. ஃபெரியிலிருந்து அப்போதுதான் இறங்கிய ஆர்ன்ஃபின் என்ன ஏதென்று தெரியாமலே கூடச் சேர்ந்து கத்தினான். எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியது யார் தெரியுமா? முப்பது வருடமாகப் பேனை ஒழிக்கச் சம்பளம் வாங்கியவள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்து, பதினேழு வயதுக்காரிபோல் குதித்தாள். இவை கூண்டுப் பேன் இல்லை. பெருங்கடலில் மேய்ந்துவிட்டு வருகிற எந்த மீனும் ஒன்றிரண்டைக் கொண்டுவரும், ஆதியிலிருந்து கொண்டுவருவதுதான். அவை தொலைந்துபோகாமல் திரும்பி வந்ததில் அவளுக்கு இத்தனை சந்தோஷம் இருக்கும் என்று அவளே நினைக்கவில்லை.

கடற்கரைக்குத் திரும்பி வந்தார்கள். குன்வோர் தீப்பெட்டியை அவள் கையில் வைத்தாள். தோரா அதை அப்படியே தம்பியிடம் நீட்டினாள்.

“நீ வெய்யி. நான்தான் ஒரு தரம் வெச்சாச்சே.”

ஹால்வார் பெட்டியைப் பார்த்தான். எவ்வளவு ஆசை என்பது அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. பெட்டியை அவள் பக்கமே தள்ளினான்.

“வேணாம். பிடிச்சவங்கதான் வெக்கணும். நான் அடுத்த வருஷம் பிடிச்சு வெச்சுக்கறேன்.” கொஞ்சம் நிறுத்தி, சத்தத்தைத் தாழ்த்திக் கேட்டான். “அடுத்த வருஷம் ஆறு திறந்திருக்குமாக்கா?”

அந்தக் கேள்வியை அவன் இலாகாவிடம் கேட்பான், பத்திரிகையில் கேட்பான், மேடையில் கேட்பான். அவளிடம் கேட்டதே இல்லை. கடல்கிட்ட கேளு என்று சொல்ல அவள் வாய் திறந்தது. நகத்தில் இன்னும் பழுப்புக் கறையோடு அவன் கட்டைவிரல் கண்ணில் பட்டது.

“திறந்திருக்கும்டா,” என்றாள் தோரா. குச்சியை உரசி விறகில் வைத்தாள்.